கிருமியைக் காத்த உப்புநீர்

திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடையே, யாத்திரிகர் செல்லும் பெருவழியில் உள்ளது கீழ்பென்னாத்தூர். திருவிழாக் கூட்டங்களைத் தொடர்ந்து வாந்திபேதியும் ஊர் ஊராகச் சென்றமை, சென்ற நூற்றாண்டுகளில் இத்தகைய வழியோர ஊர்கள் நன்கறிந்த துன்பமாகும்.

அந்நோயின் கிருமியை 1884-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக். ஆயினும், பெருநகரில் அறிந்ததைச் சிற்றூரில் அறிவது எங்ஙனம்? நோயாளியின் மலம் திண்டிவனம் கடந்து, கிண்டி கிங் நிலையம் போன்றதொரு சோதனைச்சாலையை அடைதல் வேண்டும். அதற்குள் குடலில் இயல்பாக வாழும் பிற கிருமிகள் பெருகி, தேடும் கிருமியை மறைத்துவிடும். உலர்ந்தாலோ அது மடிந்தே போகும். சோதனை ‘இல்லை’ என்னும். நோயோ ஊரில் இருக்கும்!

இக்குறையைத் தீர்க்க, 1941-இல் வேங்கடராமன், ராமகிருஷ்ணன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் எளியதொரு வழி கண்டனர். ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் கடலுப்பும் 5 கிராம் பெப்டோனும் கரைத்து, அதைக் காரத்தன்மை உடையதாக்கினர். உப்பையும் காரத்தையும் வாந்திபேதிக் கிருமி தாங்கும். பிற கிருமிகள் பெரும்பாலும் தாங்கா. இருவர் பெயரின் முதலெழுத்துகளால் ‘வி.ஆர். திரவம்’ என வழங்கும் இது, பனிக்கட்டியின்றியே நெடுவழி செல்லும்.

மாதிரியை எடுக்கும் காலமும் முக்கியமே. நோய் தொடங்கியவுடன், கிருமிக்கொல்லி மருந்து தருமுன் எடுத்தலே நன்று. டைபாய்டு காய்ச்சலிலோ முதல் வாரத்தில் இரத்தத்தைச் சோதித்தல் சிறந்தது. வயிற்றுப்போக்கு ஒவ்வொன்றுக்கும் சோதனை வேண்டுவதில்லை. மலத்தில் இரத்தம் கண்டாலும், ஓரூரில் பலர் ஒருசேர வீழ்ந்தாலும் அது இன்றியமையாதது.

இன்னுமொன்று: நாம் தேடுவதையே சோதனை காட்டும். 1992-இல் சென்னை, வேலூர், மதுரை நகரங்களில் வாந்திபேதி பரவியபோது, பழைய வாந்திபேதிக் கிருமியை அடையாளங்காட்டும் ஊனீர் இக்கிருமியோடு பொருந்தவில்லை. ‘வாந்திபேதி அன்று’ என அறிஞர் விட்டுவிடவில்லை, மேலும் ஆராய்ந்தனர். உலகம் அதுவரை அறிந்திருந்த 138 வகைகளுக்கு அப்பாற்பட்ட 139-ஆவது வகை அது!

எனினும், முடிவு வரும்வரை நோயாளி காத்திருத்தல் ஆகாது. இழந்த நீரையும் உப்பையும் உடனே ஊட்டுவதே அவரைக் காக்கும். சிகிச்சை படுக்கையில் கிடப்பவருக்காக. சோதனையோ, அதே கிணற்றில் நாளை நீர் மொள்ளப்போகும் ஊராருக்காக.