நீர் மின்னாற்பகுப்புக் கலன்களில் காப்பு உலோகப் பூச்சுகளின் வரலாறு

நீரில் மின்சாரம் செலுத்தி ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரிப்பது நீர் மின்னாற்பகுப்பு எனப்படும். பள்ளிப் பாடநூல்களில் இரண்டு மின்வாய்களும் ஒரு மின்கல அடுக்கும் கொண்ட எளிய படமாக இது இடம்பெறும். அந்தப் படத்தில் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. ஆக்சிஜன் வெளிவரும் நேர்மின்வாயில் பெரும்பாலான உலோகங்கள் அரிக்கப்பட்டுவிடும்.

இச்சிக்கல் முதல் சோதனையிலேயே தலைகாட்டியது. 1800ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் நிக்கல்சனும் அந்தோணி கார்லைலும் வோல்ட்டா அடுக்கைக் கொண்டு நீரைப் பகுத்தனர். பித்தளைக் கம்பிகளைப் பயன்படுத்தியபோது ஒரு முனையில் மட்டுமே வாயுக் குமிழ்கள் எழுந்தன. மற்ற முனையில் ஆக்சிஜன் கம்பியுடனேயே சேர்ந்து அதை நிறம் மாற்றி அரித்தது. பிளாட்டினக் கம்பிகளை வைத்த பின்னரே இரு முனைகளிலும் வாயு வந்தது.

ஆய்வகத்துக்குப் பிளாட்டினம் சரி, தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகாது. எனவே தொழில்துறை காரக் கரைசலை நாடியது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மலிவான எஃகு எதிர்மின்வாயாகத் தாக்குப்பிடிக்கும். நேர்மின்வாய்க்கு எஃகின் மீது நிக்கல் முலாம் பூசினால் போதும். 1920களின் இறுதியில் நார்வேயின் ரியூக்கான் பகுதியில் நீர்மின்சாரத்தைக் கொண்டு இத்தகைய பெரிய ஆலை இயங்கத் தொடங்கியது. பஞ்சாபின் நங்கல் உர ஆலையும் பக்ரா அணையின் மின்சாரத்தால் நீரைப் பகுத்தே ஹைட்ரஜன் பெற்றது. முலாமின் பலவீனம் அதன் நுண்துளைகள். ஒரு துளை வழியே கரைசல் எஃகை எட்டினாலும் அரிப்பு அடியில் பரவி, மேற்பூச்சு உரிந்து வரும்.

மற்றொரு வகைப் பூச்சு சமையல் எண்ணெய்த் தொழிலிலிருந்து வந்தது. அமெரிக்கப் பொறியாளர் முர்ரே ரானே, தாவர எண்ணெயைக் கெட்டிப்படுத்துவதற்காக நிக்கல்–அலுமினியக் கலவையைக் காரத்தில் ஊறவைத்து, அலுமினியத்தைக் கரைத்து, கடற்பஞ்சு போன்ற நிக்கலை உருவாக்கினார். வனஸ்பதிக்கு உதவிய அதே பொருள் பின்னர் மின்வாய்களின் மீது பூசப்பட்டு, பகுப்புக்குத் தேவையான மின்னழுத்தத்தைக் குறைத்தது.

1960களில் டச்சு வேதியியலாளர் ஹென்றி பீர், தைட்டானியத்தின் மீது ருத்தேனியம் ஆக்சைடு கலந்த பூச்சை உருவாக்கினார். அது குளோரின் தொழிலுக்காகச் செய்யப்பட்டது. தேய்ந்துபோகும் கிராஃபைட் மின்வாய்களை அது ஓரங்கட்டியது. கலனைத் தாங்க ஓர் உலோகம், வினைபுரிய அதன்மேல் மெல்லிய பூச்சு என்னும் அதன் அடிப்படை, நீர்ப் பகுப்புக்கும் பயன்பட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் புரோட்டான் பரிமாற்றச் சவ்வுக் கலன்கள் உருவாயின. இங்கே சூழல் அமிலத்தன்மை உடையது, மின்னழுத்தமும் அதிகம். நிக்கல் கரைந்துவிடும். நாம் எவர்சில்வர் என்றழைக்கும் துருப்பிடிக்காத எஃகும் அரிக்கப்படும். அதிலிருந்து வரும் இரும்பு அயனிகள் சவ்வையே சிதைக்கும். தைட்டானியம் நிலைத்து நிற்கும். ஆனால் அதன் காப்பு ஆக்சைடு படலம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. நாளாக நாளாகப் படலம் தடித்து, மின்சாரம் வெப்பமாக வீணாகும். எதிர்மின்வாய்ப் பக்கத்திலோ தைட்டானியம் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடைகிறது. எனவே தைட்டானியத் தகடுகளின் மீது மிக மெல்லிய பிளாட்டினப் பூச்சு இடுகிறார்கள். காப்பாற்றும் உலோகத்தையே இன்னொரு உலோகம் காப்பாற்ற வேண்டியிருப்பது விந்தைதான்!

சூரிய ஒளி, காற்று மின்சாரத்தின் வருகை புதிய சோதனையைக் கொண்டுவந்துள்ளது. இடைவிடாது ஓடிய பழைய ஆலைகளைப் போலன்றி, இப்போது கலன்கள் அடிக்கடி நின்று இயங்குகின்றன. காரக் கலன் நிற்கும்போது சிறிது நேரம் மின்னோட்டம் எதிர்த்திசையில் பாய்ந்து, எதிர்மின்வாயின் பூச்சை ஆக்சிஜனேற்றம் செய்துவிடுகிறது. சவ்வுக் கலன்களில் வினையூக்கியாகப் பயன்படும் இரிடியமோ உலகம் முழுவதிலும் ஆண்டுக்குச் சில டன்களே கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. ஆகவே விலைமிக்க உலோகத்தின் அளவைக் குறைக்கவும், எஃகுத் தகட்டின் மீது நியோபியம், தைட்டானியம் நைட்ரைடு போன்றவற்றைத் துளையின்றிப் படியவைக்கவும் ஆய்வுகள் நடைபெறுகின்றன.