கலமும் கரையும்: துறைமுகமில்லாக் கடற்கரையிற் கரையேறிய வரலாறு

கடற்பயணத்தின் வரலாற்றை எழுதுவோர் பெருங்கலங்களையும் அவை கடந்த தொலைவினையுமே பெரிதும் எடுத்துரைப்பர். ஆயின் பயணியின் உயிருக்கு மிக்க இடர் விளைத்தது நடுக்கடல் அன்று. நங்கூரமிட்ட கலத்துக்கும் மணற்கரைக்கும் இடையேயுள்ள சிறு நீர்ப்பரப்பே ஆகும். பெருங்கலம் கரையை அணுகின் தரைதட்டும். ஆதலின் சிறு தோணியொன்று இடைநின்று இரண்டையும் இணைத்தல் வேண்டும். இத்தோணியின் வரலாறு, துறைமுகமின்றி வாழ்ந்த கீழைக்கரை மக்களின் வரலாறுமாகும்.

இம்முறை நம்மவர்க்குப் புதிதன்று. முசிறித் துறையில் கலங்கள் கொணர்ந்த பொன் கழித்தோணிகளாற் கரை சேர்க்கப்பட்ட செய்தியைப் புறநானூற்றின் 343ஆம் பாடலிற் பரணர் குறிக்கின்றார். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினியும், முசிறியிற் கலங்கள் தரைக்கு நெடுந்தொலைவில் நிற்பதையும், சரக்குகள் சிறு தோணிகளில் ஏற்றிச் செல்லப்படுவதையும் எழுதியுள்ளார். புலவரும் வேற்றுநாட்டாரும் ஒன்றையே கூறுதலின், இது பண்டைநாளில் நிலைபெற்ற வழக்கு என்பது தெளிவு. செங்கடற் செலவு நூலோவெனின், மேலைக்கரையின் பாருகச்சத் துறையில் அந்நாட்டு மீனவர் தம் படகுகளில் எதிர்சென்று அயற்கலங்களுக்கு வழிகாட்டியதை விரித்துரைக்கின்றது. ஆழமும் மணற்றிட்டும் அறிந்தவன் கரைவாழ்நனே. பெருங்கலத்தின் தலைவனும் அவன் சொற்கேட்டே நடத்தல் வேண்டும்.

இனிக் கல்முனைக் கரையை நோக்குவோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என ஊர்கள் தொடுத்த மாலைபோல் நிற்கும் இக்கரையில், முஸ்லிம்களும் இந்துக்களும் தமிழ்மொழியாற் பிணைப்புண்டு அடுத்தடுத்து வாழ்கின்றனர். நெல்லும் நெசவும் மீனும் இங்குள்ளோர்க்குச் செல்வம். எனினும் திருகோணமலைக்கு இயற்கை ஈந்த குடாவை இக்கரை பெறவில்லை. நேரான மணற்கரை, திறந்த கடல், வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஓங்கி உடையும் அலை. இத்தகைய கரையிற் கலம் ஒதுங்க இடமில்லை. தோணியும் அலைகளிடையே சிறிது ஓயும் பொழுதை நோக்கிக் காத்திருந்தே புறப்படுதல் வேண்டும். கரைவலை இழுக்கும் மீனவர் இன்றளவும் அவ்வாறே செய்கின்றனர்.

புகைவண்டிப் பாதை மட்டக்களப்பை அடைந்தது 1928இலேயாம். அதற்கு முன்னர் இத்தீவைச் சுற்றியோடிய ‘லேடி ஹவ்லொக்’, ‘லேடி கோர்டன்’ முதலிய சிறு நீராவிக் கப்பல்களைக் கீழ்மாகாணத்தார் நம்பியிருந்தனர். மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை மணற்றிட்டு மறித்தமையால் அக்கப்பல்கள் வெளிக்கடலில் நின்றன. பயணியும் மூடையும் தோணியில் இறங்கியே கரை கண்டனர். கடல் கொந்தளிக்குமாயின் ஊர் கண்ணெதிரே தெரியவும் இறங்க இயலாதிருக்கும்.

இத்தொழிலின் நுட்பத்தை விளங்கக் காட்டுவது சென்னைக் கரையாகும். 1639இல் ஆங்கிலேயர் உரிமை பெற்ற அவ்விடத்திலும் துறைமுகம் இல்லை. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஆளுநர் முதல் எளிய சிப்பாய் வரை யாவரும் மசூலாப் படகிலேயே கரையேறினர். அப்படகின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. விறைத்து நிற்கும் ஐரோப்பியப் படகு அலையின் மோதலிற் பிளந்துபோக, தைத்த படகு நெகிழ்ந்து கொடுத்து மோதலைத் தாங்கிற்று. தண்டு வலிப்போர் பாட்டிசைத்து ஒருங்கே வலிப்பர். பின்புறம் நிற்கும் தண்டையல் அலையின் வரவை நோக்கி அவர்களை விரைவிப்பான், நிறுத்துவான். அலையின் முதுகில் ஏறிப் படகு மணலைத் தொட்டதும் பயணியைத் தோளிற் சுமந்து இறக்குவர். படகு கவிழின் வீழ்ந்தாரை மீட்கக் கட்டுமரத்தார் அருகே வருவர். அலை மிகக் கொடிதாயின் கரையிற் கொடியேற்றிப் போக்குவரத்தைத் தடுப்பர்.

1861இற் சென்னையில் இறங்குபாலம் அமைந்தது. அதன்பின் அலைதடுப்பணைகளால் துறைமுகம் கட்டத் தொடங்கினர். 1881ஆம் ஆண்டுப் புயல் அவ்வேலையைச் சிதைத்தது. பின்னர் மீண்டும் கட்டி முடித்தனர். ஆயின் கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அணை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரீனாக் கரை அகன்றது; வடக்கே இராயபுரப் பக்கத்தில் கடல் நிலத்தை அரித்தது. கொழும்பிலோ 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1885இல் முடிவுற்ற அலைதடுப்பணை, காலித் துறையின் முதன்மையைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. ஓரிடத்து நன்மை தந்த கல்லணை பிறிதோரிடத்துத் தீமையும் தரும் என்பதற்கு இவ்விரண்டும் சான்றாம்.

சென்னை கற்ற பாடத்தை ஒலுவில் மீண்டும் கற்க நேர்ந்தது. துறைமுக அமைச்சராயிருந்த எம். எச். எம். அஷ்ரப் தம் பகுதிக்கு ஒரு துறைமுகம் வேண்டுமென விழைந்தார். அவர் 2000இல் மறைந்தார். டென்மார்க்கு நாட்டின் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டது. வணிகக் கப்பல்களின் வரவை மக்கள் எதிர்நோக்கினர், வந்ததோ மணல். துறைவாயை மணல் அடைத்தது. மீனவர் படகுகளும் இடர்ப்பட்டன. வடபுறத்தே கடல் புகுந்து தென்னந்தோப்புகளையும் நிலங்களையும் அரித்தது. ஏற்கனவே 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டத்தார்க்கு இவ்வரிப்பு ஆறாப் புண்ணில் மற்றொரு புண்ணாயிற்று.

இக்காலத்து உல்லாசப் பயணக் கப்பல்களோ பழைய முறையைக் கைவிட்டில. ஆயிரக்கணக்கானோரைச் சுமக்கும் அவை ஆழமற்ற துறையிற் புகாது வெளியே நங்கூரமிடுகின்றன. தம்பாலுள்ள உயிர்காப்புப் படகுகளையே இயந்திரத் தோணிகளாக இறக்குகின்றன. கப்பலைத் திருப்பி நிறுத்திக் காற்றுமறைவான பக்கத்தில் நீர் சற்று அடங்கியபின், கப்பலின் பக்கவாயிலருகே அமைத்த மேடையிலிருந்து பயணியரைக் கைகொடுத்து ஏற்றுவர். கரையிலிருந்து திரும்பும் கடைசித் தோணியின் நேரம் முன்னரே அறிவிக்கப்படும். அலை எழுமாயின் தலைவன் கரையிறக்கத்தையே கைவிடுவான். கரையிற் கொடியேற்றித் தடுத்த சென்னை வழக்கின் கருத்தும் இதுவே.

எனவே, தோணிமுறையை நாகரிகமற்றோரின் குறையெனக் கொள்ளுதல் பொருந்தாது. அது கரையின் இயல்பை மாற்றாமல் அதற்கேற்பத் தன்னை அமைத்துக்கொண்ட அறிவாகும். துறைமுகம் வேண்டாவென்பது இதன் பொருளன்று; உழைக்கும் மீனவர்க்கு ஒதுங்கிடம் இன்றியமையாதது. மணல் எத்திசையில், எப்பருவத்தில், எவ்வளவு நகரும் என்பதை நாடோறும் கண்டுணர்ந்த கரைவாழ்நரைக் கேளாது கல்லிடுதல் கேடு பயக்கும் என்பதே ஈண்டு வலியுறுத்தப்படுவது. அவ்வறிவு ஏட்டில் ஏறாமல் முதியோர் நாவிலேயே தங்கியுள்ளது. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை உள்ள பாடசாலைகளின் மாணவர் தத்தம் ஊர் முதிய மீனவரிடம் சென்று அதனைக் கேட்டு எழுதிவைப்பாராயின், நாளை அணை வகுக்கும் பொறியியலார்க்கும் வரலாறு எழுதுவார்க்கும் அது பெருந்துணையாகும்.