சிறையில் வேந்தன், நோயில் புலவர்

சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையிற் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, தண்ணீர் கேட்டான். அது காலந்தாழ்த்தே வந்தது. இரந்து பெற நேர்ந்ததே என வருந்தி, அதனைப் பருகாமலே உயிர் துறந்தான் என்பது புறநானூற்றுக் குறிப்பு. பொய்கையார் 'களவழி நாற்பது' பாடி அவனைச் சிறைமீட்டார் என்பது மற்றொரு வழக்கு. இரண்டும் ஒருங்கே உண்மையாதல் அரிது. சான்றுகள் மாறுபடும் இத்தகைய இடங்களில்தான் வரலாறு புதிராகிறது. கற்பனையும் அங்கே கால்கொள்கிறது.

இச்செய்தியை 'மானவிசயம்' என்னும் நாடகமாக்கியவர் பரிதிமாற் கலைஞர். மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870-ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். அவரை எலும்புருக்கி நோய் பற்றியது. அந்நோயின் கிருமியைக் காக் என்னும் அறிஞர் 1882-இலேயே கண்டறிந்திருந்தார். எனினும், அதனை ஒழிக்கும் ஸ்டிரெப்டோமைசின் என்னும் மருந்து 1943-இலேதான் கண்டுபிடிக்கப்பட்டது. 1903 நவம்பர் 2-ஆம் நாள், தம் 33-ஆம் வயதில் கலைஞர் மறைந்தார். அவருடைய 'தமிழ்மொழியின் வரலாறு' வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே.

நாடகத்திற்குக் கற்பனை, வரலாற்றுக்குச் சான்று என இரு நெறிகளிலும் உழைத்தவர் அவர். மருந்து வருமுன் மறைந்தாரே என நாம் இரங்குகிறோம். மாணவர்களே, இரங்குவதோடு நில்லாது அவர் நூல்களைக் கற்று, அவர் விட்ட இடத்திலிருந்து ஆராய்வீர்களாயின், அதுவே அவருக்குச் செய்யும் கைம்மாறாகும்.