கருங்கடல் ஓரத்துக் கரிச் சுரங்கங்கள்

துருக்கி மொழியில் 'ஒஜாக்' என்பது அடுப்பைக் குறிக்கும் சொல். வீடு, குடும்பம் ஆகியவற்றையும் அச்சொல்லாலேயே அவர்கள் சுட்டுவதுண்டு. சுரங்கத்துக்கும் அதுவே பெயர். வீட்டின் அடுப்பும் கப்பலின் கொதிகலனும் எரிய வேண்டுமென்று மண்ணுக்குள் இருக்கும் மற்றோர் அடுப்பில் இறங்கிய மனிதர்களின் வரலாறு, அந்நாட்டின் வடகரையில் ஒன்றேமுக்கால் நூற்றாண்டாக நிகழ்ந்து வருகிறது. உஸ்மானியரின் போர்களைப் பற்றியும் பள்ளிவாசல்களைப் பற்றியும் தமிழில் நாம் நிறையப் படித்திருக்கிறோம். கிலாபத் இயக்க நாட்களில் நம் ஊர்களில் அவர்களுக்காகப் பணம் திரட்டியவர்களும் உண்டு. அவர்களுடைய நீராவிக் கப்பல்களை ஓட்டிய கரியை வெட்டியவர்கள் யார், அவர்கள் எவ்வாறு வாழ்ந்து எவ்வாறு மாண்டனர் என்பது மட்டும் நம் ஏடுகளில் அதிகம் பேசப்படாத செய்தியாகவே இருந்துவிட்டது.

இஸ்தான்புல்லுக்குக் கிழக்கே, கருங்கடலையொட்டி எரேய்லி, ஸொங்குல்தாக் என்னும் ஊர்கள் இருக்கின்றன. மலை கடலுக்குள் இறங்கும் நிலம், அடர்ந்த காடு, இடையிடையே சிறு வயல்கள். உஸூன் மெஹ்மத், அதாவது நெட்டை முஹம்மது என்ற உழவர் 1829-இல் ஓர் ஓடைக்கரையில் கறுத்த கல்லைக் கண்டெடுத்துத் தலைநகருக்குக் கொண்டு சென்றார் என்றும், பொறாமை கொண்டோர் அவரைக் கொன்றுவிட்டனர் என்றும் அங்கே கதை சொல்வார்கள். கதையின் உண்மையை வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகின்றனர். ஐயமற்ற செய்தி, 1848 வாக்கில் சுல்தான் அப்துல் மஜீதின் காலத்தில் சுரங்க வேலை முறையாகத் தொடங்கியது என்பதுதான். தொடக்கத்தில் நிபுணத் தொழிலாளர்களாகக் குரோஷியரும் மாண்டிநீக்ரோ நாட்டவரும் வந்தனர். ஆங்கிலேயப் பொறியாளர்களும் வந்தனர். கிரிமியப் போர் (1853–56) வந்ததும் கரியின் அருமை அரசுக்கு நன்றாகப் புரிந்தது. 1865-இல் சுரங்கப் பகுதி முழுவதும் கடற்படை அமைச்சகத்தின் கைக்குச் சென்றது.

கரி இருந்தது, கப்பல் இருந்தது, இறங்குவதற்கு ஆள் இல்லை. உழவன் தன் வயலை விட்டு இருட்டுக்குள் போக விரும்பவில்லை. இதற்கு விடையாகவே சுரங்க அதிகாரி திலாவர் பாஷாவின் பெயரால் வழங்கும் சட்டத்தொகுப்பு 1867-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் 100 விதிகள். சுற்றுவட்டாரத்தின் 14 வட்டங்களைச் சேர்ந்த கிராமங்களில், 13 வயது முதல் 50 வயது வரையுள்ள ஆண்கள் முறைவைத்துச் சுரங்க வேலைக்கு வந்தாக வேண்டும் என்பது அதன் முதுகெலும்பு. ஆளை அனுப்பும் பொறுப்பு கிராமத் தலைவருடையது. கரி வெட்டுவோன் 'கஸ்மாஜி', கூடை சுமப்போன் 'கூஃபெஜி', கோவேறு கழுதை ஓட்டுவோன் ஒருவன் என்று வேலைகள் வகுக்கப்பட்டன. வேலை நேரம், கூலி, தங்குமிடம் ஆகியவற்றையும் அத்தொகுப்பு பேசுகிறது. ஆகவே துருக்கியின் தொழிலாளர் சட்ட வரலாற்றை இங்கிருந்து தொடங்கும் எழுத்தாளர்கள் உண்டு. அது பிழையன்று. ஆனால் ஊன்றிப் படிக்கும்போது அத்தொகுப்பின் கண் கரியின்மீதே இருப்பது தெரிகிறது. வேலை தடைபடாமல் நடக்கவேண்டும் என்பதற்காகவே மனிதனுக்கு உறங்க இடமும் உண்ண நேரமும் கொடுக்கப்படுகின்றன. இறங்கியவன் உயிரோடு ஏறிவர என்ன செய்யவேண்டும் என்பதைப் பற்றி அதில் காணக்கிடைப்பது மிகச் சொற்பம்.

இரண்டே ஆண்டுகளுக்குப் பின், 1869-இல், பேரரசு முழுமைக்கும் பொதுவான சுரங்கச் சட்டம் ஒன்று வெளிவந்தது. கட்டாய வேலை கூடாது என்றது அது. சுரங்கங்களில் மருத்துவரும் மருந்தகமும் இருக்கவேண்டும். விபத்தில் அடிபட்டவனுக்கும் இறந்தவனின் குடும்பத்துக்கும் ஈடு கொடுக்கவேண்டும் என்றும் சொன்னது. ஒரே அரசு, ஒரே பத்தாண்டு. ஒரு சட்டம் 'இறங்கியே தீரவேண்டும்' என்கிறது, மறு சட்டம் 'வற்புறுத்தாதே' என்கிறது. எரேய்லியில் நெடுங்காலம் நடைமுறையில் நின்றது முந்தையதே.

நிலக்கரிச் சுரங்கத்தில் மனிதனை மாய்ப்பவை எவை என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம்மவர் நெய்வேலியில் காண்பது வானம் பார்த்த திறந்தவெளிச் சுரங்கம். ஸொங்குல்தாக்கில் உள்ளவை மலையையும் கடற்படுகையையும் குடைந்து செல்லும் ஆழ்சுரங்கங்கள்.

கரி உருவான காலத்திலேயே அதன் நுண்துளைகளில் மீத்தேன் வாயு அடைபட்டுவிடுகிறது. கடப்பாரை பட்டதும் அது கசியத் தொடங்கும். காற்றைவிட இலேசானதாகையால் குகையின் மேற்கூரையில் போய்த் தங்கும். மணமில்லை, நிறமில்லை. காற்றில் அது நூற்றுக்கு 5 பங்கிலிருந்து 15 பங்கு வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி போதும், வெடித்துவிடும். துருக்கியர் இதை 'கிரிஸூ' என்பர். பிரெஞ்சிலிருந்து சென்ற சொல். இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி 1815-இல் விளக்கின் சுடரைச் சுற்றிக் கம்பிவலையைக் கட்டினார். சுடரின் வெப்பத்தை வலை உறிஞ்சிக்கொள்வதால் வெளியிலுள்ள வாயு பற்றுவதில்லை. நல்ல கண்டுபிடிப்புத்தான். ஆனால் அவ்விளக்கு வந்தபின், அதுவரை அபாயமென்று ஒதுக்கி வைத்திருந்த அடுக்குகளிலும் ஆட்களை இறக்கலாம் என்ற துணிவு முதலாளிகளுக்கு வந்தது, விபத்துகள் நின்றபாடில்லை. வாயுவை வெளியேற்றும் உண்மையான மருந்து காற்றோட்டம் ஒன்றே. நல்ல காற்று ஒரு வழியாக உள்ளே புகுந்து, வேலை நடக்கும் முகப்பையெல்லாம் தடவிக்கொண்டு மறுவழியாக வெளியேறவேண்டும். இதற்கு இரண்டு வாயில்கள் வேண்டும், ஓயாத விசிறி வேண்டும், பணம் வேண்டும்.

வெடித்த வாயுவைவிடக் கொடியது கரித்தூள். சிறிய வெடிப்பொன்று தரையில் படிந்துள்ள தூளைக் கிளப்பிவிட்டால், அத்தூளே தீப்பற்றி ஓடி, கிலோமீட்டர் கணக்கில் சுரங்கத்தை எரிக்கும். 1906 மார்ச்சு 10-இல் வட பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் மாண்டது இவ்வகையில்தான். சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக்கித் தூவினால் கரித்தூள் எரிவது அடங்கும் என்பது பின்னர் கண்டறியப்பட்டது. தீயில் அகப்படாதவரைக் கொல்வது கார்பன் மோனாக்சைடு. உயிர்க்காற்றைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அது குருதியோடு ஒட்டிக்கொள்கிறது. மூச்சு விட்டுக்கொண்டே மூச்சின்றி மனிதன் சாய்கிறான். ஜனாஸாக்களில் தீக்காயமே இல்லாமல் உறங்குவதுபோல் கிடந்தவர்களைக் கண்டு, 1890-களில் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் ஹால்டேன் இந்த மர்மத்தை விளக்கினார். கூண்டுப் பறவைகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுசெல்லும் வழக்கமும் அவர் சொல்லித்தான் வந்தது. மனிதனுக்கு முன் பறவை மயங்கும்.

இவையெல்லாம் செய்தித்தாளில் வரும் சாவுகள். கூரை சரிந்து ஒருவர், வண்டி மோதி ஒருவர் என்று தனித்தனியாக நேரும் சாவுகளின் தொகை, பெருவெடிப்புகளின் தொகையைவிட எங்கும் மிகுதி. கூரையைத் தாங்குபவை முட்டுக்கட்டைகள். கூலி கூடையின் கணக்கில் என்றால், முட்டுக் கொடுக்கச் செலவாகும் நேரம் தொழிலாளியின் சோற்றிலிருந்து கழிகிறது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று அதிகாரிகள் எழுதிவைக்கும் பல சாவுகளுக்கு இந்தக் கணக்கே காரணம் என்று நான் கருதுகிறேன். தூளைச் சுவாசித்து இருபது ஆண்டுகளில் நுரையீரல் கல்லாகிச் சாகிறவனோ எந்த விபத்துப் பட்டியலிலும் வருவதில்லை.

1896-இல் பிரெஞ்சு மூலதனத்துடன் எரேய்லி கம்பெனி உருவாயிற்று. துறைமுகமும் இருப்புப்பாதையும் வந்தன. கரியின் அளவு பெருகிற்று. அந்தக் காலத்தை இங்கே விரிக்கத் தேவையில்லை. 1921-ஆம் ஆண்டுக்கு வருவோம்.

அவ்வாண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் கிரேக்கப் படை அங்காராவை நெருங்கியிருந்தது. சக்காரியா ஆற்றங்கரைப் போர் ஆகஸ்டு 23 முதல் செப்டம்பர் 13 வரை நீடித்தது. போர் முடியுமுன், செப்டம்பர் 10 அன்று, அங்காராவின் மாமன்றம் 151-ஆம் எண் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் பெயரை அரபு கற்றோர் எளிதில் புரிந்துகொள்வர். எரேய்லி 'ஹவ்ஸா-இ-ஃபஹ்மிய்யா'வின் சுரங்க 'அமலா'க்களின் 'ஹுகூக்' பற்றிய சட்டம் அது. ஃபஹ்ம் என்றால் கரி. ஹுகூக் என்பது நாம் அன்றாடம் புழங்கும் ஹக்கு என்பதன் பன்மை. 1867-இன் தொகுப்பில் கடமையாக இருந்தது இங்கே ஹக்காக மாறிவிட்டது. நாளுக்கு 8 மணி நேர வேலை. அதற்கு மேல் வேண்டுமானால் இரு தரப்பும் இசைந்து இரட்டைக் கூலி. 18 வயதுக்குக் குறைந்தோர் சுரங்கத்துள் இறங்கக்கூடாது. கட்டாய வேலை கூடாது. தங்குமிடமும் குளிக்குமிடமும் முதலாளி கட்டித்தர வேண்டும். நோயுற்றோருக்கும் அடிபட்டோருக்கும் இலவச மருத்துவம். இறந்தோரின் வாரிசுகளுக்கு ஈட்டுத்தொகை. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த 114-ஆம் எண் சட்டம், சுரங்க வாயில்களில் குவிந்துகிடந்த கரித்தூளை விற்று அந்தப் பணத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிடச் சொன்னது. நுரையீரலை அரித்த தூளே அவர்களின் நிதியாயிற்று! குளிக்குமிடம் என்பதை வாசகர்கள் சிறிதாக எண்ணவேண்டாம். உடலெங்கும் கரியோடு, ஈர உடையில், பனிக்காலத்தில் மலையேறிக் கிராமத்துக்கு நடந்தவனுக்கு அது உயிர்காக்கும் ஏற்பாடு.

ஆனால் சட்டத்துக்கும் பசிக்கும் போட்டி வரும்போது எது வெல்லும் என்பதை 1940 காட்டியது. உலகப்போர் மூண்டதும், கரி வேண்டுமென்று அதே குடியரசு கட்டாய வேலையை மீண்டும் கொண்டுவந்தது. பழைய கிராமங்களிலிருந்தே பழையபடி ஆள் பிடித்தார்கள். ஓடிப்போனவனைத் தேடிக் காவலர் வந்தனர். இது 1947 வரை நீடித்தது. பேரனைப் பாட்டனின் சுரங்கத்துக்கே இழுத்துப்போன அந்த ஏழாண்டுகளைப் போரைக் காரணம் காட்டி மன்னிக்க என்னால் இயலவில்லை. போரின் நடுவேதான் 151-ஆம் எண் சட்டமும் பிறந்தது அல்லவா?

பின்னர் வந்த ஆண்டுகளில் சுரங்கங்கள் அரசுடைமையாக நடந்தன, தொழிற்சங்கம் வலுத்தது, கருவிகள் வந்தன. ஆயினும் 1983 மார்ச்சு 7-இல் அர்முத்சுக் சுரங்கத்தில் 103 பேர் மாண்டனர். 1991 ஜனவரியில் வேலைநிறுத்தத்திலிருந்த சுரங்கத் தொழிலாளர் பல்லாயிரவர் மனைவி மக்களோடு ஸொங்குல்தாக்கிலிருந்து அங்காரா நோக்கிப் பனியில் நடந்தனர். வழியில் மெங்கன் அருகே தடுத்து நிறுத்தப்பட்டனர். அடுத்த ஆண்டு, 1992 மார்ச்சு 3-இல், கொஸ்லுவில் கிரிஸூ வெடித்து 263 பேர் மாண்டனர்.

இவற்றையெல்லாம் மிஞ்சியது மேற்குத் துருக்கியின் சோமா. 2014 மே 13-ஆம் நாள் பகலில், பணிமுறை மாறும் வேளையில், பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் தீப்பிடித்தது. 301 பேர் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது கார்பன் மோனாக்சைடுதான். தொழிலாளர் பாதுகாப்புக்கென்றே இயற்றப்பட்ட 6331-ஆம் எண் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது, ஆய்வாளர்களும் வந்துபோயிருந்தனர். அரசின் சுரங்கத்தைத் தனியார் குத்தகைக்கு நடத்தி வந்தனர். தோண்டும் கரியை அரசு வாங்கிக்கொள்ளும். டன் ஒன்றுக்கு 130 டாலருக்கு மேலிருந்த செலவைச் சுமார் 24 டாலருக்குக் குறைத்துவிட்டதாக நடத்தியவர் 2012-இலேயே பெருமையுடன் கூறியிருந்தார். காற்றோட்டமும் உணர்கருவியும் முகமூடியும் ஆள்கூலியும் அடங்கிய செலவு அது. எங்கிருந்து குறைந்தது என்று அன்று யாராவது கேட்டிருக்கலாம். சோமாவில் அடிக்கடி நேரும் விபத்துகளை விசாரிக்கவேண்டும் என்ற கோரிக்கை, பேரிழப்புக்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் நாடாளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டிருந்தது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1995-இல் சுரங்கப் பாதுகாப்பைப் பற்றி 176-ஆம் எண் உடன்படிக்கையை வகுத்தது. அதன் 13-ஆம் விதி தொழிலாளிக்குச் சில உரிமைகளைத் தருகிறது: அபாயத்தை அறிந்துகொள்ளலாம், ஆய்வு நடத்தும்படி கேட்கலாம், உயிருக்கு ஆபத்தென்று நியாயமாகத் தோன்றினால் அவ்விடத்தை விட்டு விலகிப் போய்விடலாம். திலாவர் பாஷாவின் விதிகளுக்கு நேர் எதிரான விதி இது. அங்கே வராதவன் குற்றவாளி. இங்கே வெளியேறுபவன் உரிமையாளன். விளக்கு, விசிறி, சுண்ணாம்புத்தூள், உணர்கருவி ஆகிய அனைத்தும் பிறர் கையில் இருக்கும் காப்புகள். இது ஒன்றே தொழிலாளியின் தன் காலில் இருக்கும் காப்பு. குத்தகைக் கூலிக்காரன் வெளியேறினால் மறுநாள் வேலை உண்டா என்ற கேள்விக்கு உடன்படிக்கைத் தாள் மட்டும் விடை தந்துவிடாது. துருக்கி அதை ஏற்று உறுதி செய்தது 2015-இல். சோமாவின் மையத்துகள் மூடப்பட்ட மறு ஆண்டில்.

ஸொங்குல்தாக்கின் கிழக்கே, அதே கரிப்படுகையில், அமஸ்ரா என்னும் அழகிய கடற்கரை ஊர் இருக்கிறது. அங்குள்ள அரசுச் சுரங்கம் 300 மீட்டருக்குக் கீழே செல்லச்செல்ல வாயு திடீரெனப் பீறிடும் அபாயம் மிகுகிறது என்று நாட்டின் கணக்குத் தணிக்கை மன்றம் 2019-ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதிவைத்தது. 2022 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை மாலை, அச்சுரங்கம் வெடித்தது. இறந்தோர் 40-க்கும் மேற்பட்டோர். வழக்கு 2023-இல் பார்த்தின் நகர நீதிமன்றத்தில் தொடங்கியது.