ரிமோட் கார் மசகுப்பொருள்கள்

ரிமோட் கார்களில் மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் பாகங்களுக்கு இடும் எண்ணெய், கிரீஸ் வகைகள். எல்லா இடத்துக்கும் ஒரே மசகு ஒத்துவராது.

கார் ஓடும்போது கேட்கும் கீச்சொலி பெரும்பாலும் பேரிங்கிலிருந்தோ, தொடக்கநிலை கிட்டுகளில் அதற்குப் பதிலாக வரும் பிளாஸ்டிக் புஷ்ஷிலிருந்தோ எழும். பேரிங்கைக் கழற்றிக் கழுவி, நன்கு உலர்த்தி, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். அதன் பிறகும் சுழற்றும்போது விரலில் நறநறப்புத் தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். புஷ்ஷுக்கு எண்ணெய் தற்காலிகத் தீர்வுதான். டபிள்யூடி-40 தெளிப்பான் பழைய கிரீஸைக் கரைத்துவிடும். நீடித்த மசகாக அதை நம்பக் கூடாது.

மூடிய கியர்பாக்ஸில் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற கிரீஸை மெல்லியதாகப் பூசலாம். டாமியாவின் செராமிக் கிரீஸ் இவ்வகை. வெளியே திறந்திருக்கும் பினியன் (மோட்டாரின் சிறு கியர்), ஸ்பர் (அது சுழற்றும் பெரிய கியர்) பற்களில் கிரீஸ் பூசினால் தூசி ஒட்டி உப்புத்தாள்போல் பற்களைத் தேய்க்கும். அங்கே உலர் டெஃப்ளான் மசகு போதும். ஒன்றும் இடாமல் விட்டாலும் தவறில்லை. பற்கள் மிக இறுகக் கவ்வுவதால் வரும் இரைச்சலை எந்த எண்ணெயும் அடக்காது. இடையே மெல்லிய தாள் துண்டைக் கொடுத்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும்.

இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்தளிக்கும் கியர் டிஃபரன்ஷியலில் நிரப்பும் சிலிக்கோன் எண்ணெயின் வேலையே வேறு. பாகுத்தன்மை 1,000 சென்டிஸ்டோக்கிலிருந்து 1,00,000-க்கு உயர்ந்தால், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வது கடினமாகும். கியருக்குப் பதில் குண்டுகள் கொண்ட பால் டிஃபரன்ஷியலில் அக்குண்டுகளுக்குச் சிலிக்கோன் கிரீஸ் இட வேண்டும். அதிலுள்ள த்ரஸ்ட் பேரிங்குக்கு மாலிப்டினம் கலந்த கருப்பு கிரீஸ். கருப்பு கிரீஸ் குண்டுகளில் பட்டால் டிஃபரன்ஷியல் வழுக்கும்.