சின்னத்தில் நிற்கும் புலி: ஜொகூரில் வெற்றிச்சின்ன வேட்டையும் அதன் அறமும்

முன்னுரை

ஜொகூர் மாநிலச் சின்னத்தில் கேடயத்தை இருபுறமும் தாங்கி நிற்பவை புலிகள். அவற்றின் அடியில் மிளகுக்கொடியும் காம்பியர் செடியும் இருக்கின்றன. அந்தப் பயிர்களுக்காக அழிக்கப்பட்ட காட்டில்தான் புலிகள் வாழ்ந்தன. இங்கே வேட்டை பற்றிய சர்ச்சை ‘கொல்லலாமா’ என்று எழுவதற்கு முன் ‘யார் கொல்லலாம்’ என்றே எழுந்தது; விலங்குகளை எண்ணியவர்கள் காட்டை எண்ணத் தாமதித்தார்கள். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

காம்பியர் காலம்

19ஆம் நூற்றாண்டில் தெமெங்கோங் இப்ராகிமும் அவர் மகன் அபு பக்காரும் ஆற்றங்கரை நிலங்களைச் சீனக் ‘கங்சு’ தலைவர்களிடம் ஒப்படைத்தனர். காம்பியர் இலையைக் காய்ச்ச விறகு மலைபோல் தேவை. செடியோ மண்ணின் சத்தை விரைவில் உறிஞ்சிவிடும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தோட்டம் அடுத்த காட்டை வெட்டி நகர்ந்தது. காட்டுக்குள் ஆள் புகப் புக, புலியிடம் உயிரிழந்த தொழிலாளரும் பெருகினர். நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் புலியைக் கொல்வோருக்கு அரசே பரிசு கொடுத்தது. அங்கே கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டது. இந்தக் கட்டத்தில் புலி ஓர் இடர். அதைக் கொல்வதில் அறக்கேள்வி எதுவும் எழவில்லை.

அரண்மனைச் சுவர்

1895 முதல் 1959 வரை ஆண்ட சுல்தான் இப்ராகிம் புகழ்பெற்ற வேட்டைக்காரர். அவர் காலத்தில் புலிவேட்டை அரச கௌரவமாயிற்று. 1866இல் கட்டப்பட்ட இஸ்தானா பெசார் 1990இல் அருங்காட்சியகமானபோது, வேட்டைக்கூடத்தில் பாடம்செய்த விலங்குகளோடு யானைக்காலில் செய்த குடைத்தாங்கிகளும் காட்சிக்கு வந்தன. யானையின் பாதம் வீட்டுச் சாமானாகும் இடத்தில் உயிர் முழுதும் உடைமையாகிவிடுகிறது. அதே சுல்தான்தான் 1928இல் ஜொகூர் பாருவில் விலங்குக்காட்சிசாலையையும் தொடங்கினார். சுட்டுச் சுவரில் மாட்டுவதும் கூண்டில் வைத்துக் காட்டுவதும் அந்தக் கால மனத்துக்கு முரணாகத் தோன்றவில்லை.

வேட்டைக்காரரின் மனச்சான்று

தீபகற்பத்தின் முதல் வனவிலங்குக் காவலர்களில் முதன்மையானவர் தியோடர் ஹப்பேக். யானையையும் செலாடாங் என்னும் காட்டெருதையும் வேட்டையாடிய அனுபவங்களை 1905இல் நூலாக்கியவர். பின்னர் அவரே பாதுகாப்பின் குரலானார். 1930இல் அமைந்த மலாயா வனவிலங்கு ஆணையம் அவர் பொறுப்பில் நடந்து 1932இல் அறிக்கை தந்தது. பயிரைக் காக்கிறோம் என்ற பெயரில் தோட்டங்கள் விலங்குகளைக் கொன்றுகுவிப்பதை அவர் எதிர்த்தார். 1933இல் ஜொகூரில் எண்டாவ்–குளுவாங் காப்பகம் உருவானது.

உரிமம் பெறு, குட்டியைச் சுடாதே, காயம்பட்டதைக் கைவிடாதே: கனவான் வேட்டையின் இந்த ஒழுக்கம் துப்பாக்கிக்கு எல்லை வகுத்தது. அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஆயினும் அந்த ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்க ஓய்வும் துப்பாக்கியும் பணமும் வேண்டும். எண்டாவ் ஆற்றோரம் உணவுக்காக வேட்டையாடிய ஜக்குன் பூர்வகுடிக்கும், விடியுமுன் பால்மரம் வெட்டப் போன தமிழ்த் தொழிலாளிக்கும் அவை வாய்க்கவில்லை. காட்டோடு அன்றாடம் வாழ்ந்தவர்களின் பசியும் அச்சமும் அந்த அறநூலில் இடம்பெறவில்லை.

சட்டமும் இழப்பும்

1950களில் மலாயாவில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. இந்தியாவைப் போலவே மலேசியாவும் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. 1976இல் புலிக்கு முழுப் பாதுகாப்புக் கிடைத்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனையைக் கடுமையாக்கியது. 2022 திருத்தம் அதை 10 லட்சம் ரிங்கிட் அபராதம், 15 ஆண்டுச் சிறை வரை உயர்த்தியது. இருந்தும் 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி எஞ்சியவை 150க்கும் குறைவு. நாட்டின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகமான இமான் 2019 நவம்பரில் இறந்தது.

மாளிகைத் துப்பாக்கி ஓய்ந்து பல காலமாகியும் எண்ணிக்கை சரிந்ததற்குக் காரணம் உண்டு. ரப்பரும் பின்னர் செம்பனையும் காட்டைத் துண்டாடின. சந்தைக்காகக் கள்ள வேட்டைக்காரர் கட்டும் கம்பிக்கண்ணி அந்தத் துண்டுகளுக்குள்ளும் புகுந்தது. இதை உணர்ந்து எழுந்த குரல்தான் எண்டாவ்–ரொம்பின் காட்டைக் காக்கும் இயக்கம். 1977இல் அங்கே மரம் வெட்ட அனுமதி தரப்பட்டபோது பொதுமக்கள் எதிர்த்தனர். 1985–86இல் மலாயா இயற்கைக் கழகம் ஆய்வுப் பயணம் நடத்தி அக்காட்டின் செல்வத்தை ஆவணப்படுத்தியது. 1993இல் அக்காட்டின் ஜொகூர்ப் பகுதி தேசியப் பூங்காவானது. வேட்டைக்காரரின் கண்ணுக்கு விலங்கின் பின்புலமாக இருந்த காடு இங்கேதான் காக்கப்படும் பொருளானது.

இன்றைய வாதம்

வெற்றிச்சின்ன வேட்டைக்கு வாங்கும் கட்டணமே பாதுகாப்புக்கு உதவும் என்று இன்று வாதிடுவோர் உண்டு. நமீபியாவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் உருவான சமூகக் காப்பகங்கள் அப்படி வருவாய் பெறுகின்றன. அந்தப் பணம் கிராமங்களுக்குப் போவதை ஒதுக்கித் தள்ள முடியாது. 2015இல் ஜிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கம் கட்டண வேட்டையில் கொல்லப்பட்டபோதோ உலகம் கொதித்தது. ஆனால் கட்டண வேட்டைக்குப் பரந்த காடும் பெருகும் விலங்கும் முதலீடு. 150 புலிகூட இல்லாத நாட்டில் ஒரு புலியை விற்பதற்கு எந்தக் கணக்கும் இடம்தராது.

முடிவுரை

பரிசு, பெருமை, உரிமம் என மூன்று காலங்களில் மூன்று பெயரில் புலி கொல்லப்பட்டது. அதன் உயிருக்கு அதற்கே உரிமை உண்டு என்பதைச் சட்டம் ஏற்றபோது காடு சுருங்கியிருந்தது. மாநிலச் சின்னத்தில் புலி நிற்பது பயிர்களின் மேல். அந்தப் புலி உயிரோடும் இருக்க வேண்டுமானால், பயிருக்கு எங்கே எல்லை என்பதை நாம் தீர்மானித்தாக வேண்டும்.