பிரெஸ் எழுந்து நிற்பாரா?

சிறைக்குப் போய்வந்த பெண்ணை ஞாயிற்றுக்கிழமை மாலையில் குடும்பங்களுக்கு முன்னால் காட்டலாமா? விளம்பரதாரர் தரப்பு எழுப்பிய அந்தக் கேள்வியில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

அந்தப் பாடகி பில்லி ஹாலிடே இல்லையென்றால் நாங்களும் இல்லை என்று நிகழ்ச்சியை உருவாக்கியவர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். எதிர்ப்பு அடங்கியது. 1957 டிசம்பர் 8, நியூயார்க். சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ‘தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்’ நேரடி ஒளிபரப்பு. பில்லி வந்துவிட்டார். கலைஞர்களைத் திரட்டிய நாட் ஹென்டாஃபுக்கு இப்போது கவலையெல்லாம் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கைப் பற்றித்தான்.

லெஸ்டருக்கு வயது 48தான். குடி உடம்பை அரித்துவிட்டிருந்தது. ஒத்திகையில் உட்கார்ந்தே இருந்தார். பெரிய குழுவோடு அவர் வாசிக்க வேண்டிய பகுதி கைமாறிப் போயிற்று. மிச்சம் இருந்தது பில்லியின் ‘ஃபைன் அண்ட் மெல்லோ’ மட்டும். அதையும் எழுந்து நின்று வாசிக்க வேண்டாம் என்று ஹென்டாஃப் சொல்லிவிட்டார்.

இந்த மனிதருக்குப் ‘பிரெஸ்’ என்று பெயர் வைத்தவரே பில்லிதான். நாட்டிலேயே பெரிய மனிதர் பிரெசிடென்ட் ரூஸ்வெல்ட் என்றால், சாக்ஸபோனில் பெரியவர் லெஸ்டர். அவருக்கும் அந்தப் பட்டம்தான் பொருந்தும் என்பது பில்லியின் நியாயம். பதிலுக்கு லெஸ்டர் கொடுத்த பெயர் ‘லேடி டே’. நியூயார்க்கில் பில்லியும் அவர் தாயாரும் இருந்த வீட்டிலேயே லெஸ்டரும் கொஞ்ச காலம் தங்கியிருந்தார். அந்த அம்மாவுக்கும் ‘டச்சஸ்’ என்று பட்டம் சூட்டினார்.

1937 ஜனவரி 25 அன்று டெடி வில்சனின் குழுவோடு இருவரும் ஒலிப்பதிவுக்குப் போனார்கள். அன்று பதிவான ‘திஸ் இயர்ஸ் கிஸ்ஸஸ்’ பாட்டைக் கேளுங்கள். முதலில் லெஸ்டர் மெட்டை வாசித்துக் காட்டுகிறார். பிறகுதான் பில்லி வாய் திறக்கிறார். சில மாதம் கழித்து வந்த ‘மீ, மைசெல்ஃப் அண்ட் ஐ’யில் நெருக்கம் இன்னும் கூடிவிட்டது. பில்லி தாளத்துக்குச் சற்றுப் பிந்தியே சொல்லை விடுகிறார். அவர் மூச்சு வாங்கும் இடத்தில், கச்சேரியில் பாடகர் விட்ட இடத்தைப் பிடில் தொடுமே, அப்படி டெனர் சாக்ஸபோன் நுழைந்து அடுத்த சொல் வருவதற்குள் விலகிக்கொள்கிறது. இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். பில்லிக்கு அதற்கு ராயல்டிகூடக் கிடையாது. ஆனால் 20 வருடம் கழித்தும் அவர் மனத்தில் அந்த நாட்கள் பசுமையாக இருந்தன. லெஸ்டர் வாசிப்பதில்லை, சாக்ஸபோனில் பாடவே செய்கிறார், வார்த்தைகள்கூடக் காதில் விழும் என்ற பொருளில் 1956இல் வந்த தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். பாட்டுக்காரர் ஒருவர் பக்கவாத்தியத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்துவிட முடியாது என்பது என் கட்சி.

அந்த மென்மையான நாதத்துக்காகவே லெஸ்டர் அடிபட்டவர். 1934இல் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் கோல்மன் ஹாக்கின்ஸ் விட்டுப்போன நாற்காலி அவருக்குக் கிடைத்தது. ஹாக்கின்ஸின் நாதம் கனமானது, அதிர்வு நிறைந்தது. “இவர் அப்படி வாசிக்கவில்லையே” என்று சக கலைஞர்கள் முணுமுணுத்தார்கள். லெஸ்டர் தங்கியிருந்தது ஹெண்டர்சன் வீட்டில்; ஹெண்டர்சனின் மனைவி ஹாக்கின்ஸின் இசைத்தட்டுகளைப் போட்டுப் போட்டுக் காட்டினார். லெஸ்டர் மாறவில்லை, குழுவைவிட்டுப் போனார். அப்போது அவர் வளைந்துகொடுத்திருந்தால், பில்லியின் குரலுக்குப் பக்கத்தில் வேறு யார் வாசித்திருந்தாலும் அது இவ்வளவு பொருந்தியிருக்காது.

1945இல் போதைப்பொருள் வைத்திருந்ததாக, ராணுவத்தில் இருந்த லெஸ்டருக்கு ராணுவ நீதிமன்றம் ஓராண்டுத் தண்டனை விதித்தது. 1947இல் பில்லி சிறை சென்றார். பழைய நெருக்கமும் மெல்லக் குறைந்தது.

இப்போது ஸ்டுடியோ. பில்லி உயரமான முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் வாத்தியக்காரர்கள். எந்த ஹாக்கின்ஸோடு ஒப்பிட்டு லெஸ்டரை மட்டம் தட்டினார்களோ, அதே ஹாக்கின்ஸ் சில அடி தள்ளி நிற்கிறார். பாட்டு ப்ளூஸ், 12 பாருக்கு (தாள அளவுக்கு) ஒரு சுற்று. பில்லி முதல் சுற்றைப் பாடி முடித்தார். பென் வெப்ஸ்டர் தன் டெனரில் ஒரு சுற்று வாசித்தார்.

அடுத்த 12 பார் லெஸ்டருடையது. ஒரு நிமிடம்கூட வராது. நேரடி ஒளிபரப்பு, தடுமாறினால் திருத்த வழியில்லை. உட்கார்ந்தே வாசிக்கச் சொல்லப்பட்டவர் எழுந்து நிற்கப் போகிறாரா? எழுந்தாலும், அந்த 12 பாரைத் தாங்கும் மூச்சு அவரிடம் மிச்சம் இருக்கிறதா?

(அடுத்த வாரம்)